ஒகேனக்கல்லில் தினமும் குளித்தவர்

எங்கள் சொசைட்டிக்கு வாரத்தில் ஒரு நாளாவது டேங்கர் லாரி வரும். டெல்லி துவாரகாவில் இது அதிசயமில்லை. லாரியின் தடித்த குழாயிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் விழும் சத்தம் கேட்டதும் எல்லா மாடிக்காரர்களும் பால்கனிக்கு வந்துவிடுவோம். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு குரல் மட்டும் தவறாமல் கேட்கும்.

"இதெல்லாம் ஒரு தண்ணியா? எங்க ஒகேனக்கல்ல வந்து பாருங்க. பேசுனா பக்கத்துல நிக்கிறவங்களுக்குக் கேக்காது."

அது சுந்தரவள்ளி. நாங்கள் வள்ளியக்கா என்போம். ஆர்.கே.புரத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் தண்ணீரைக் கண்டாலும் அவருக்கு ஒகேனக்கல் நினைவு வந்துவிடும். இந்தியா கேட் பக்கத்து நீரூற்றுகளைப் பார்த்து, "பாவம், யாரோ வாய் கொப்புளிக்கிற மாதிரி இருக்கு" என்றார். ரிஷிகேஷுக்குப் போய் வந்தவர்கள் கங்கையைப் பற்றிச் சொன்னபோது முழுதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புண்ணியம் இருக்கு, இல்லேங்கல. ஆனா வேகம் பத்தாது" என்றார்.

ஒகேனக்கல்லைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. காவிரி எங்கே பிரிந்து எங்கே விழுகிறது, கரையில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள் எந்தப் பாறையில் உட்கார்ந்திருப்பார்கள், பரிசல் எந்த இடத்தில் சுற்றும், எந்த மீனை எப்படிப் பொரிப்பார்கள், எல்லாம் சொல்லுவார். ஒரே ஒரு சிக்கல்தான். அவர் ஒகேனக்கல்லைப் பார்த்ததே கிடையாது. இது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அக்காவின் ஊர் தருமபுரிப் பக்கம் பென்னாகரம். அங்கிருந்து அருவிக்குப் பதினைந்து பதினாறு கிலோமீட்டர். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். மூன்று பெண்களில் இவர்தான் கடைசி. பிறந்த மூன்றாம் மாசமே ஜோசியர் ஒருவர், இந்தக் குழந்தைக்குக் கல்யாணம் ஆகும்வரை தண்ணீரில் கண்டம் என்று சொல்லிவிட்டார். அன்றையிலிருந்து அப்பா அவரைக் கிணற்றடிக்குக்கூட விடவில்லை. வீட்டில் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பினால், ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆடிப் பெருக்குக்கு மொத்தக் குடும்பமும் பஸ் ஏறி ஒகேனக்கல் போகும். வள்ளி மட்டும் பக்கத்து வீட்டில் முறுக்குப் பொட்டலத்தோடு உட்கார வைக்கப்படுவார். சாயங்காலம் அக்காமார் ஈரத் தலையோடு, உடம்பெல்லாம் மீன் வாசனையோடு திரும்பி வருவார்கள். அப்போது இவர் விசாரணை ஆரம்பிக்கும். முதலில் எந்தப் பக்கம் போனீங்க? பாறை வழுக்குச்சா? தண்ணி முதுகுல விழுந்தா எப்படி இருக்கும்? அடிக்கிற மாதிரியா, தள்ளுற மாதிரியா? அக்காமார் பதில் சொல்லிக் களைத்துத் தூங்கிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை எல்லாரையும் கூட்டிப் போனார்கள். அன்றைக்கு இவருக்கு அம்மை போட்டிருந்தது.

இருபத்துமூன்று வயதில் தேர்வெழுதி, டெல்லியில் வேலை கிடைத்து வந்தார். முதல் வாரத்தில் அடுத்த மேஜைக்காரர் சுஷ்மா கேட்டார், "மதராஸா?" இல்லை, பென்னாகரம் என்றார் இவர். அந்தப் பெயரை அங்கே யாராலும் சொல்லக்கூட முடியவில்லை. ஒருவர் பேனா காரம் என்றார். ஒருவர் பேகம் என்றார். அந்த மாதத்துக் காலண்டரில் ஒரு பெரிய அருவிப் படம் இருந்தது. அடியில் ஒகேனக்கல் என்று போட்டிருந்தது. வள்ளியக்கா எழுந்து போய் அதைத் தொட்டுக் காட்டி, "இதுதான் எங்க ஊர்" என்றார்.

செக்‌ஷனில் இருந்த பதினோரு பேரும் எழுந்து வந்து படத்தைப் பார்த்தார்கள். பிறகு இவரைப் பார்த்தார்கள். டெல்லிக்கு வந்தபின் முதல்முறையாக யாரோ தன்னை மரியாதையாகப் பார்த்தார்கள் என்று அக்கா சொன்னார்.

"இதுல குளிச்சிருக்கியா?" என்று சுஷ்மா கேட்டார்.

"ரோஜ்" என்றார் இவர். தினமும்.

அந்த ஒற்றைச் சொல்லில் ஆரம்பித்ததுதான். தினமும் குளித்தவருக்கு நீச்சல் தெரியாமல் இருக்க முடியாது. எனவே நீச்சல் வந்தது. நீச்சல் தெரிந்தவர் பரிசல் தள்ளாமல் இருப்பாரா? பரிசலும் வந்தது. நாலைந்து வருஷத்தில் பாறையிலிருந்து குதித்தாயிற்று.

1991இல் கல்யாணம். மாப்பிள்ளை அனந்தகிருஷ்ணனும் டெல்லி அரசு ஊழியர்தான். ஆனால் தென்காசிக்காரர். அவர் உண்மையாகவே ஒவ்வொரு சீசனுக்கும் குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவர். கல்யாணமான முதல் வாரத்தில் அவர் ஆசையாகக் குற்றாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அக்கா கொஞ்ச நேரம் கேட்டார்.

"அது மலைத் தண்ணிங்க. மழை நின்னா நின்னு போயிடும். எங்களது ஆறு" என்றார்.

புருஷனிடமே சொல்லியாகிவிட்டது. இனி எப்படி மாற்றுவது? கண்டமும் கல்யாணத்தோடு தீர்ந்துவிட்டது, போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு காதுகுத்து. பத்து நாள் லீவு பறந்துவிடும். தவிர, தினமும் குளித்த இடத்தைப் போய்ப் பார்க்க என்ன அவசரம் என்று யாராவது கேட்டுவிட்டால்?

சுஷ்மா அலுவலக சிநேகிதி மட்டுமல்ல. ரோத்தக் பக்கத்துப் பெண். வாய் பெரிது, மனசும் பெரிது. 1993இல் அவருடைய கணவர் ரிங் ரோட்டில் ஸ்கூட்டர் விபத்தில் போய்விட்டார். இரண்டு பெண் குழந்தைகள், பெரியவளுக்கு நாலு வயசு. மூன்று மாதம் சுஷ்மா அலுவலகத்துக்கு வருவார், மேஜையில் தலையைச் சாய்த்துக் கொள்வார், ஐந்து மணிக்குப் போவார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வள்ளியக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொன்னார்.

பதினைந்து வயசில் பரிசல் கவிழ்ந்து சுழலில் மாட்டிக்கொண்டாராம். கையையும் காலையும் உதற உதற உள்ளே போனாராம். அப்போது பரிசல்காரர் கத்தினாராம், உதறாதே, அப்படியே படுத்துக்கோ, தண்ணியே உன்னைக் கரையில போடும் என்று. படுத்துக்கொண்டாராம். போட்டதாம்.

"நீயும் உதறாதே" என்றார் அக்கா. "இன்னிக்கு என்ன வேலையோ அதை மட்டும் செய். சப்பாத்தி போடு, பிள்ளைங்களைக் குளிப்பாட்டு, பஸ் ஏறு. போதும்."

சுஷ்மா அப்படியே செய்தார். பிள்ளைகளை வளர்த்தார், படிக்க வைத்தார். இப்போது சின்னவள் பெங்களூரில் இருக்கிறாள். சுஷ்மா எங்களுக்கு அடுத்த செக்டாரில் இருக்கிறார். வாரத்தில் நாலு நாள் அக்கா வீட்டில்தான்.

ஆபத்து அந்த பெங்களூர் வழியாகத்தான் வந்தது. அங்கிருந்து ஒகேனக்கல் நாலு மணி நேரம்தான் என்று சுஷ்மா கண்டுபிடித்துவிட்டார்.

"முப்பது வருஷமா சொல்றே. ஒரு தடவை காட்டு" என்றார்.

கோடையில் கேட்டால், இப்போ தண்ணி இருக்காது என்றார் அக்கா. ஆடியில் கேட்டால், வெள்ளம், குளிக்கவும் பரிசலுக்கும் தடை என்றார். இரண்டும் ஓரளவு உண்மைதான். மழையும் வெயிலும் இல்லாத ஒரு மாதத்தில் கேட்டபோது, முதலைப் பண்ணையிலிருந்து ஒரு முதலை வெளியே வந்துவிட்டதாகச் சொல்லிப் பார்த்தார். சுஷ்மா அசரவில்லை. அக்கா ஓய்வு பெற்ற வருஷம் அக்டோபரில் நாலு டிக்கெட்டைப் போட்டுவிட்டுத்தான் சொன்னார். அக்கா, அவர் கணவர், சுஷ்மா, நான். எனக்கு டிக்கெட் போட்டதற்குக் காரணம், நான் போட்டோ நன்றாக எடுப்பேனாம்.

அடுத்த மூன்று வாரம் மத்தியானங்களில் அக்கா வீட்டுக்குப் போனால் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து யூடியூப் பார்த்துக்கொண்டிருப்பார். பரிசல் துறை, தொங்கு பாலம், சினி அருவி என்று அம்புக்குறி போட்டுப் படம் வரைந்திருந்தார். "எல்லாம் மாத்திட்டானுங்க, அதான் பாத்துக்கறேன்" என்றார். நானும் நம்பினேன். அனந்தகிருஷ்ணன் சார் பேப்பருக்குப் பின்னால் இருமினார்.

பெங்களூரிலிருந்து வேன். தருமபுரி தாண்டி பென்னாகரம் வந்ததும் அக்கா கண்ணாடியை இறக்கி, "அதோ, அப்பா கடை இருந்த இடம்" என்று காட்டினார். அங்கே இப்போது மொபைல் கடை. அதுவரை பேசிக்கொண்டே வந்தவர், பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் வளைந்து வளைந்து சாலை இறங்க ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டார். சுஷ்மா, "எமோஷனல் ஆயிட்டா, பாவம்" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

இறங்கியதும் மீன் பொரிக்கும் வாசனை. கரண்டியும் எண்ணெய்க் கிண்ணமுமாக ஏகப்பட்ட பேர் கூப்பிடுகிறார்கள். அக்கா ஒரு நொடி தயங்கினார். பிறகு மூக்கை நிமிர்த்தி, மீன் கடைகளை வலது கைப்பக்கம் விட்டு நேராக நடந்தார். பரிசல் துறை அங்கேதான் இருந்தது. அக்காமார் சொன்னது நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் சரியாக இருந்ததை நினைத்து அவருக்கே ஆச்சரியம். முகத்தில் தைரியம் வந்துவிட்டது.

பரிசல்காரர் பெயர் சேட்டு. ஐம்பது வயசு இருக்கும். எங்களுக்கு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுக்கொண்டே, "எந்த ஊருங்கம்மா?" என்றார்.

"பென்னாகரந்தாம்பா. பஸ் ஸ்டாண்டு கிட்ட சைக்கிள் கடை."

"அட, நம்மூரு! அப்ப உங்களுக்கு ஒண்ணும் சொல்லத் தேவையில்ல. ஏறுங்க."

எங்கள் மூன்று பேருக்கும் எப்படிக் கால் வைக்கணும், எப்படிக் குத்துக்காலிட்டு உட்காரணும் என்று சொல்லிக் கொடுத்தார். நம்மூர்க்காரருக்குச் சொல்லவில்லை. அக்கா கடைசியாக வந்து, படகில் ஏறுவதுபோல ஓரத்து விளிம்பில் காலை ஊன்றி நின்றார். பரிசலுக்கு ஓரம் நடு என்ற பாகுபாடு ஒன்றுதான் தெரியும். ஒரு பக்கம் அப்படியே சாய்ந்தது. காவிரி ஒரு குடம் தண்ணீரை உள்ளே அனுப்பியது. அக்கா தொப்பென்று விழுந்து, சேட்டுவின் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கத்தினார்.

"முஜே தைர்னா நஹீ ஆதா! மை யஹா கபீ ஆயீ ஹீ நஹீ!"

எனக்கு நீச்சல் தெரியாது, நான் இங்கே வந்ததே இல்லை. தமிழில் கத்தியிருந்தால் சுஷ்மாவுக்குப் புரிந்திருக்காது. முப்பத்தேழு வருஷ டெல்லி, அந்த நேரம் பார்த்து இந்தியில் வெளியே வந்தது.

சேட்டு துடுப்பால் பரிசலை நிமிர்த்தினார். குனிந்து பார்த்து, "நம்மூருன்னு சொன்னீங்களே, ஏம்மா இந்தியில அழுவுறீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல. தண்ணி நல்லாருக்குன்னு சொல்லுதா. நீங்க விடுங்க" என்றார் அனந்தகிருஷ்ணன் சார்.

சுஷ்மா சும்மா இருந்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

இரண்டு பக்கமும் பாறை சுவராக நிற்க, பரிசல் நடுவே போனது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையைக் கணவர் முதுகில் முட்டுக் கொடுத்திருந்தார். முதலில் ஒரு இரைச்சல். தூரத்தில் ரயில் வருவது போல. வளைவு திரும்பியதும் அது காதுக்குள் கேட்பதை விட்டுவிட்டு நெஞ்சுக்கூட்டில் கேட்க ஆரம்பித்தது. சாரல் முகத்தில் அடித்தது. எதிரே பாறைகளின் இடுக்கெல்லாம் ஆறு இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றா இரண்டா, எண்ண முடியவில்லை. விழுந்த இடத்திலிருந்து வெள்ளைப் புகை எழுந்து, மேலே விழுகிற தண்ணீரையே மறைத்தது. சேட்டு ஏதோ சொன்னார். வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

அக்கா கண்ணைத் திறந்தார்.

நான் போட்டோ எடுக்கத்தான் போனேன். அந்த முகத்தை எடுக்கவில்லை. வாயைத் திறந்தபடி இருந்தார். தலையில் போட்டிருந்த முந்தானை நழுவி, முடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. முறுக்குப் பொட்டலத்தோடு உட்கார வைக்கப்பட்ட பிள்ளை அறுபது வயசில் வந்து சேர்ந்திருந்தது. மெதுவாகக் கையை நீட்டி விளிம்புக்கு வெளியே தண்ணீரைத் தொட்டார். உடனே இழுத்துக்கொண்டார். மறுபடி தொட்டார். சேட்டு பரிசலை ஒரு சுற்று சுற்றினார். அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கன்னத்தில் வழிந்தது சாரலா அழுகையா என்று எனக்குத் தெரியாது.

கரைக்கு வந்ததும் சுஷ்மா லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்தார்.

"சுழல்?" என்றார் இந்தியில். "அந்தச் சுழலும் பொய்தானா?"

"பொய்தான்" என்றார் அக்கா.

"உதறாதேன்னு சொன்ன பரிசல்காரன்?"

"அப்படி யாரும் இல்ல."

"நான் அதைப் பிடிச்சுக்கிட்டு வருஷக்கணக்கா இருந்தேன், வள்ளி. என் பொண்ணுங்களுக்குச் சொன்னேன். என் பேத்திக்குச் சொல்லியிருக்கேன்."

சுஷ்மா விறுவிறுவென்று தொங்கு பாலத்தின் பக்கம் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் மீன் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மூன்று தட்டு மீன் வந்தது. அக்கா தொடவில்லை. ஈரப் புடவையோடு பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பமே சொல்லிருக்கலாம்லா" என்றார் அனந்தகிருஷ்ணன் சார், முள்ளை எடுத்தபடி. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒங்கப்பா கல்யாணத்தன்னைக்கே சொல்லிட்டாரு. மாப்ள, இந்தப் புள்ளைய ஆத்துப் பக்கமே நாங்க விட்டதில்ல, இனி ஒங்க பொறுப்புன்னு."

அக்கா திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பத்துமூணு வருஷமா தெரிஞ்சுக்கிட்டேவா நான் குற்றாலத்தைத் திட்டுனதைக் கேட்டீங்க?"

"சொகமா பொய் சொல்லுதே. என்னத்துக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

சுஷ்மாவின் கோபத்துக்கு அக்கா தலை குனிந்தார். புருஷனின் பெருந்தன்மையைத்தான் தாங்க முடியவில்லை. பெங்களூர் விமான நிலையம் வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சுஷ்மா திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெஞ்சில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். அக்காவின் தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு மீனைப் பிய்த்தார்.

"மேலேருந்து பார்த்தேன்" என்றார். "அதுல எவளாவது விழுந்தா எலும்பு கூட மிஞ்சாது. நான் அப்பவே யோசிச்சிருக்கணும். என் புத்திதான் மழுங்கிப் போயிருந்தது."

"சுஷ்மா..."

"சும்மா இரு. நீ அன்னிக்கு உண்மையைச் சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பே? எல்லாரும் சொன்னதைத்தான். கடவுள் இருக்கார், தைரியமா இருன்னு. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளிச்சுப் போயிருந்தது." இன்னொரு துண்டைப் பிய்த்தார். பிறகு அவர் உதடு துடிக்க ஆரம்பித்தது. "எனக்கு உதறாதேன்னு பாடம் நடத்தினியே. இன்னிக்கு அந்த ஆளோட காலைக் கட்டிக்கிட்டு என்னமா உதறினே!"

சிரிப்பை அடக்க முடியாமல் அவருக்குப் புரையேறிவிட்டது. அக்கா எழுந்து அவர் தலையைத் தட்டினார். தட்டிக்கொண்டே அழுதார். மீன்கடைக்காரம்மா, முள் சிக்கிவிட்டதோ என்று ஓடிவந்து இரண்டு பேருக்கும் வாழைப்பழம் கொடுத்தார்.

டெல்லிக்குத் திரும்பிய பின் ஒரு மாறுதல். இப்போது ஒகேனக்கல்லைப் பற்றிப் பேசுகிறவர் சுஷ்மா. லிஃப்டில், பூங்காவில், காய்கறி வண்டிக்குப் பக்கத்தில், "பத்து மாடி உசரம், அரே பாப்ரே!" என்கிறார். பரிசலில் மூன்று மணி நேரம் போனதாகச் சொல்கிறார். வள்ளியக்கா பக்கத்தில் இருந்தால் உடனே குறுக்கிடுவார். "நாற்பது நிமிஷம், சுஷ்மா. பத்து மாடியெல்லாம் இல்ல." பார்த்துவிட்டு வந்தவருக்கு அளவு தெரிந்துவிட்டது. டேங்கர் வந்தாலும் பால்கனியில் நின்று பார்க்கிறாரே தவிர ஒன்றும் சொல்வதில்லை.

ஏப்ரலில் பக்கத்து விளையாட்டு வளாகத்தில் நீச்சல் குளம் திறந்தார்கள். பெண்களுக்குக் காலை ஏழு மணி. அக்கா யாரிடமும் கேட்கவில்லை, போய்ப் பெயர் கொடுத்துவிட்டார். முழங்கால் வரை நீண்ட கருநீல நீச்சலுடையும் ரப்பர் தொப்பியும் வாங்கி, அதன் மேல் ஒரு நைட்டியைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போகிறார். சொல்லிக் கொடுக்கும் பெண் ஸ்நேகாவுக்கு இருபத்திரண்டு வயசு. "ஆன்ட்டி, கம்பியை விடுங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்று முதல் ஒன்பது நாளும் தினம் இருபது தடவை சொன்னாளாம்.

பத்தாம் நாள் நானும் சுஷ்மாவும் போய்ப் பார்த்தோம். அக்கா கம்பியை விட்டார். நெஞ்சளவுத் தண்ணீரில் பலகையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூச்சை விட மறந்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாதி தூரம் போனார். அங்கே கால் ஊன்றி நின்று, தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"எத்தனை அடி வந்தேன்?" என்று கத்தினார்.

சுஷ்மா நாற்பது என்றார். அக்கா கரையில் பதித்திருந்த ஓரடி ஓடுகளைத் திரும்பிப் பார்த்து, ஒவ்வொன்றாக எண்ணி, "பதினெட்டு" என்றார்.